ஆ செங்கின் வேலியோரம் நான் அடித்த முளை

நான் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்த இலாகாவின் பெயரை இதில் எழுதப் போவதில்லை. பென்ஷன் மாதாமாதம் அங்கிருந்துதான் வருகிறது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யக் கூடாது. சிங்கப்பூரில் மண்ணுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் இலாகா என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

போன மாதம் அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்தாள். "அங்கிள், நாங்க ஒரு சுவனீர் புக் போடறோம். ஓல்ட் ஸ்டாஃப் எல்லாரும் எழுதுறாங்க. உங்க டைம்ல நடந்த ஃபன்னியான இன்சிடென்ட் ஏதாவது எழுதித் தாங்க. ஒரு பேஜ் போதும் லா." நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினாள். இப்போதெல்லாம் குழாயில் எங்கே ஓட்டை என்று மெஷினே கேட்டுக் கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டிவிடுகிறதாம். எங்கள் காலத்தில் அந்த மெஷின் நான்தான். பேனாவை எடுத்து உட்கார்ந்தால் சிரிப்பு வரும் சம்பவம் ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான். ஒரு பக்கத்தில் அடங்காது. அவள் போடாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் பள்ளம் தோண்டினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் முதுகைக் கேட்டால் சொல்லும். பிறகு கசிவு பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஐந்தடி நீளத்தில் கடைந்த மரக்கோல் ஒன்று கொடுப்பார்கள். ஒரு முனையைக் குழாய் போகும் இடத்தில் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தால் அடியில் தண்ணீர் ஓடுவது கேட்கும். ஓட்டை இருந்தால் சீறும். எங்கே பலமாகக் கேட்கிறதோ அங்கே, தலையில் சிவப்புச் சாயம் பூசிய மர முளை ஒன்றை அடித்துவிட்டு வர வேண்டும். மறுநாள் ஆட்கள் வந்து முளையைப் பார்த்துத் தோண்டுவார்கள். அவர்கள் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். முளை இருக்கும் இடத்தில் மண்வெட்டி விழும்.

எனக்கு மேலே இருந்தவர் இன்ஸ்பெக்டர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, சைக்கிள் செயினில் சிக்காமல் இருக்கக் கணுக்காலில் கிளிப் மாட்டியிருப்பார். மழையோ வெயிலோ அந்தக் கால்சட்டையில் ஒரு பொட்டு சேறு நான் பார்த்ததில்லை. கோலில் காது வைப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்வார். டிக் டிக் சத்தம் காதுக்குள் வரக் கூடாதாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் மூன்று முறை கேட்பார். கேட்டதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டு, அடுத்த இடத்துக்கு நகரும் முன்பே ரிஜிஸ்டரில் எழுதிவிட வேண்டும். "காதாலை கேட்டதை எழுதும், சவரிமுத்து. மனசாலை கேட்டதை எழுதாதையும்" என்பார். நடத்தையில் கல்மிஷம் இல்லாத மனிதர். ஆனால் சிரிக்க மாட்டார். உம்மணாமூஞ்சி என்று முதுகுக்குப் பின்னால் நாங்கள் பேர் வைத்திருந்தோம்.

அவருடைய விதிகளில் முக்கியமானது வேறொன்று. கேட்கப் போகிற இடத்தில் முதலில் யாரோடும் பேசக் கூடாது. கோப்பி குடிக்கக் கூடாது, புகார் சொன்னவரின் கதையைக் கேட்கக் கூடாது. எல்லா இடத்திலும் கோலை வைத்து எழுதி முடித்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். "கதையைக் கேட்டிட்டுப் போனால் காது அந்தக் கதையைத்தான் கேக்கும்" என்பார். அப்போது எனக்கு இது கிழவரின் கிறுக்கு என்று பட்டது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அறுபத்து நான்காம் ஆண்டு. நகரின் வடகிழக்கே ஒரு மேட்டின் அடிவாரத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடுகள் கொண்ட ஒரு கம்பம், அதாவது கிராமக் குடியிருப்பு, இருந்தது. மேட்டின் உச்சியில் பெரிய அதிகாரிகளுக்காகக் கட்டிய பங்களா. கம்பத்தின் முதல் பாதியில் சீனக் குடும்பங்கள். காய்கறித் தோட்டம், பன்றிக் கொட்டகை. பின் பாதி கொஞ்சம் உயரமான நிலம். அங்கே மலாய்க் குடும்பங்களும் சுராவ் என்ற சிறிய தொழுகைக் கூடமும். ஒரே குழாய்தான் இரண்டு பக்கத்துக்கும். முதல் பொதுக்குழாய் சீனர் பக்கம், கடைசிப் பொதுக்குழாய் சுராவ் வாசலில். இரண்டு பக்கத்தாரும் காலம் காலமாக ஒன்றாக இருந்தவர்கள். ஒரு வீட்டில் பண்டிகை என்றால் மறு வீட்டுக்குப் பழமோ பலகாரமோ போகும்.

நான்கு மாதமாக அந்தக் கடைசிக் குழாய் சாயங்காலம் ஐந்து மணிக்கு வறண்டுபோனது. இருட்டிய பிறகுதான் மறுபடி வரும். அந்திக்காலத் தொழுகைக்கு முன் கைகால் கழுவத் தண்ணீர் இல்லை. மலாய்ப் பெண்கள் வாளியோடு முதல் குழாய்க்கு வர, அங்கேயும் நூல் போல ஒழுக, இடித்துக்கொள்வதும் வைதுகொள்வதுமாக ஆகிவிட்டது. ஒருநாள் யாரோ ஒரு வாளியை உதைத்தார்கள். யார் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். புகார் எழுதி வந்தது, என்னை அனுப்பினார்கள்.

பாக் சமாட் என்று அந்த மலாய்ப் பக்கத்துக்கு ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற லாரி டிரைவர். கம்பத்தின் வாயிலிலேயே ஐந்தாறு பேரோடு எனக்காகக் காத்திருந்தார். மரியாதையான மனிதர். "வெயில்ல வந்திருக்கே தம்பி, முதல்ல கோப்பி குடி" என்று உட்கார வைத்தார். எல்லாம் சந்தை மலாய்தான். நான் தமிழில் எழுதுகிறேன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குடித்தேன். குடிக்கும்போது கதையையும் கேட்டேன். முனையில் இருக்கும் ஆ செங் என்ற பன்றி வளர்ப்பவன் வீட்டு வேலியோரம்தான் குழாய் திரும்புகிறதாம். சரியாக ஐந்து மணிக்கு அவன் கொட்டகை கழுவுவானாம். "நான் யாரையும் சொல்லல தம்பி. நீயே கேட்டுப் பாரு" என்றார் பாக் சமாட். அவர் சொல்லாவிட்டாலும் சுற்றியிருந்த ஐந்து பேரும் கையை நீட்டியது ஒரே பக்கம்தான்.

ஐந்து மணி ஆயிற்று. அப்போது கேட்டது.

அதற்குக் கோல் தேவைப்படவில்லை. தரைக்குள்ளிருந்து முனகல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிய ஆள் தூக்கத்தில் முனகுவது போல, நீளமாக, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடியும். என் உள்ளங்கால் வழியாக ஏறியது. ஆ செங்கின் கறுப்பு நாய் வேலியோரம் காதைத் தரையில் ஒட்டிப் படுத்துக்கொண்டு அதே சுதியில் முனகியது. அவன் மனைவி வெளியே வந்து, ஒருவரையும் பார்க்காமல், வேலியடியில் ஊதுவத்தி மூன்றைக் குத்திவிட்டு உள்ளே போனாள். ஆ செங் வாசலில் நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும், மூன்று பெண் குழந்தைகள் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"தினமும் இப்படித்தான் லா" என்றான் என்னிடம். "ஜப்பான்காரன் காலத்துல இந்த மேட்டுல ஆளுங்களப் புதைச்சாங்கன்னு அப்பா சொல்வாரு. கீழ யாரோ இருக்காங்க. நீ அரசாங்க ஆளு, நல்லாக் கேட்டுச் சொல்லு."

நான் கோலோடு நடந்தேன். ஆறு இடங்களில் வைத்துக் கேட்க வேண்டும். ரிஜிஸ்டரில் ஆ செங்கின் வேலியோரத்துக்கு எண் நான்கு என்று எழுதினேன். சிவப்பு முளையை அங்கே அடித்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆ செங் முளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

எனக்கு அது குழாய் முளை. அவர்களுக்கு அது தீர்ப்பு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

மறுநாள் தோண்டினார்கள். குழாய் பழுதில்லாமல் காய்ந்த மண்ணில் கிடந்தது. திருட்டு ஒட்டுக் குழாய் இல்லை, ஓட்டை இல்லை. ஆனால் குழாயை ஒட்டி ஒரு எலும்பு இருந்தது. ஒரு சாண் நீளம். தோண்டிய நம்மாட்கள் யோசனையில்லாமல் அதை மண் குவியலின் மேல் எறிந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் அது பன்றி எலும்பு, தொழுகைத் தண்ணீர் வரும் வழியில் வேண்டுமென்றே புதைத்தது என்று பேச்சு. மறுபக்கம் அது மனித எலும்பு, தோண்டி எழுப்பிவிட்டார்கள் என்று பேச்சு. அது எதன் எலும்பு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கந்தையா ரிஜிஸ்டரைப் புரட்டினார். "சுராவ் படிக்கட்டு ஏன் வெறுமையாக் கிடக்கு?" என்றார். ஆறில் ஐந்து இடத்துக்கு எண் இருந்தது. அங்கே மட்டும் இல்லை. "தொழுகை நேரம் சார், படியில கோல் வைக்கல" என்றேன். அவர் கம்பத்தின் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். முகம் கறுத்தது. ரிஜிஸ்டரை மூடி மேசைக்குள் வைத்தார். என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் நழுவினேன்.

சில நாட்களில், ஜூலையில், நகரில் கலவரம் வெடித்தது. அதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மலாய்க்காரரும் சீனரும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள் என்ற செய்தி தெருத்தெருவாக ஓடியது. ஊரடங்கு போட்டார்கள். காலையில் கொஞ்ச நேரம் விடுவார்கள். அரிசி, மீன் வாங்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குள் ஓட வேண்டும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நடுப்பகலில் கந்தையா தேக்காவில் என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஊரடங்குப் பாஸ் இரண்டு. பாக் சமாட் போலீஸ் மூலமாகச் செய்தி அனுப்பியிருந்தார். சுராவ் குழாய் இன்னும் வறண்டுதான் போகிறது. வெளியூரிலிருந்து ஓடிவந்த இளவட்டங்கள் கம்பத்தில் இருக்கிறார்கள். இன்றைக்கும் ஐந்து மணிக்குத் தண்ணீர் நின்றால் ஆ செங்கின் வீட்டுக்கு நெருப்பு வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் அவர்களைத் தடுத்து நிறுத்தத் தன்னால் முடியாது என்று.

என் மனைவி ரெஜினா வாசலை மறித்தாள். "போகாதீங்க. உங்க நெறத்துக்கு நீங்க மலாய்க்காரரா தமிழரான்னு யாரு நின்னு கேப்பாங்க? ஐசி அட்டையப் பாத்துட்டா அடிப்பாங்க?" அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த மூன்று பெண் குழந்தைகள் கண்ணுக்குள் நின்றன. முளை அடித்தது நான். போனேன்.

கோல், கடப்பாரை, வால்வுச் சாவியோடு இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். நாற்பது வருஷம் சிராங்கூன் சாலையில் குடியிருந்திருக்கிறேன். அன்று பார்த்தது போல ஒருநாளும் பார்த்ததில்லை. பட்டப்பகல், நல்ல வெயில், ஆனால் ஒரு ஆள் இல்லை. மாடிகளில் துணி காய்ந்தது. பூக்கடைப் பலகையில் பாதி கட்டிய மாலை ஊசியோடு கிடந்தது. கடை முன் நடைபாதையான அஞ்சடியில் கிளி ஜோசியக்காரரின் கூண்டு மட்டும் இருந்தது. உள்ளே கிளி திறப்பாருக்காகக் கதவருகே வந்து வந்து நின்றது. பால்காரர்கள் வர முடியாததால் கறக்காத மாடுகள் சாலை நடுவில் நின்று மடி கனத்துக் கத்தின. சைக்கிளை விட்டு இறங்கி நடந்தோம். ஏன் என்று தெரியவில்லை, மணி அடிக்கவும் பயமாக இருந்தது.

கந்தையா நின்றார். கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுச் சாலை நடுவில் கோலை ஊன்றிக் கேட்டார். பிறகு, "நீரும் கேளும்" என்றார்.

காதை வைத்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, ஆனால் அடியில் எல்லாரும் இருந்தார்கள். யாரோ குழாயைத் திறந்தார்கள், மூடினார்கள். யாரோ அரிசி களைந்தார்கள். எங்கோ ஒரு வாளி நிறைந்துகொண்டே இருந்தது. பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த தெரு முழுவதும் என் காதுக்குள் தண்ணீராக நடமாடியது. எந்த வீட்டில் எந்த இனம் என்று அந்தச் சத்தத்தில் தெரியவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "போதும் சார்" என்று காதை எடுத்துவிட்டேன்.

வழியில் ராணுவ வீரர்கள் கோலைத் துப்பாக்கி என்று நினைத்து எங்களைச் சாலையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். கந்தையாவின் வெள்ளைக் கால்சட்டை அன்றுதான் முதல்முறையாக அழுக்கானது. பாஸைப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

மேட்டடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாகப் போகிறது. நான் கம்பத்தைப் பார்த்துத் திரும்பினேன். "அங்கை கேட்டது போதும். இஞ்சாலை வாரும்" என்று கந்தையா எதிர்ப்பக்கம், மேட்டுச் சரிவில் லாலாங் புல்லுக்குள் இறங்கினார். அந்தப் பக்கம் எங்கள் பிளானில் குழாயே கிடையாது. இடுப்பளவு புல். நான் பின்னாலேயே போனேன். கொஞ்சதூரம் போன பிறகுதான் கவனித்தேன்: அவர் கோலை ஓரிடத்திலும் ஊன்றவில்லை. கண்ணாடி கழற்றின ஆள் தன் வீட்டுக்குள் நடப்பது போல நேராக நடந்தார்.

ஓரிடத்தில் நின்று காலால் புல்லை விலக்கினார். "கிண்டும்" என்றார். கடப்பாரை ஒரு சாண் இறங்கியதும் இரும்பில் பட்டது. வால்வுப் பெட்டியின் மூடி. அதே நேரம் என் காலடியில் முனகல் தொடங்கியது. இங்கே அது முனகலாக இல்லை. அலறலாக இருந்தது. மூடி கையில் அதிர்ந்தது.

மூடியைத் திறந்தேன். உள்ளே பாதிக்கு மேல் மூடிவைத்த வால்வு. தட்டு தளர்ந்து கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"இதை நான்தான் வைச்சனான்" என்றார் கந்தையா.

நான் மூடியைப் புல்லில் வைத்தேன்.

"வெள்ளைக்காரன் காலம். பங்களாவுக்குத் தண்ணி போதாது, கம்பத்துக் குழாயை நெரிச்சு விடு எண்டு வாய்ச்சொல்லிலை உத்தரவு. பிளானிலை கீறவேண்டாம் எண்டவை. நானும் கீறேல்லை."

"மறந்துட்டீங்களா சார்?"

"மறந்துபோனன் எண்டு சொன்னால் பொய். மறக்கப் பாத்தனான்."

மேலே பங்களாவுக்குப் போனோம். வீட்டில் யாரும் இல்லை. கலவரத்துக்குப் பயந்து வேறெங்கோ போய்விட்டார்கள். தோட்டக்காரர் மட்டும் இருந்தார், நம்மவர். நான்கு மாதத்துக்கு முன்பு கட்டிய பெரிய தொட்டி ஒன்று நிரம்பி, வாய்க்காலில் வழிந்துகொண்டிருந்தது. "யாரும் இல்லாத வீட்டுக்கு எதுக்கய்யா தண்ணி?" என்றேன். "அஞ்சு மணிக்குத் தொறக்கச் சொல்லியிருக்காங்க, தொறக்கிறேன். மூடுன்னு யாரும் சொல்லலியே" என்றார். அந்த ஆளை என்ன சொல்ல? ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அதை வைத்தது எங்கள் கை. கீழே ஒருவர் கழுத்தை ஒருவர் அறுக்கப் போகிறார்கள். மேலே தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இப்பவே கீழை போக வேணும்" என்றார் கந்தையா. "காலமை வரைக்கும் அந்த வீடு நில்லாது."

ஆ செங்கின் வீட்டு வாசலில் பாக் சமாட் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேதானாம். எதிரே பாதையில் இருபது முப்பது இளைஞர்கள் நின்றார்கள். சிலர் கையில் மண்ணெண்ணெய் டின். தரை முனகிக்கொண்டிருந்தது. கதவின் இடுக்கில் ஆ செங்கின் கண்ணும் ஒரு பாராங் கத்தியின் நுனியும் தெரிந்தன.

என்னைக் கண்டதும் பாக் சமாட் சொன்னார்: "வந்தியா தம்பி. தண்ணிய அவன் எடுத்தான்னா கோர்ட்டுக்குப் போவோம். நெருப்பு வைக்கணும்னா என்னைத் தாண்டித்தான் வைக்கணும்னு சொல்லிட்டேன்." அவரும் ஆ செங்கைத் திருடன் என்றுதான் நம்பினார். நம்பிக்கொண்டேதான் அங்கே உட்கார்ந்திருந்தார். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. இப்போது நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கந்தையா எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. "இந்தத் தண்ணீரை நெரித்தது நான். ஆ செங் இல்லை. உங்களில் யாரும் இல்லை. வந்து பாருங்கள்" என்றார். கூட்டத்தில் ஒருவன் காறித் துப்பினான். ஆனால் பாக் சமாட் எழுந்தார். கதவைத் தட்டி, "ஆ செங், வெளிய வா. என் பக்கத்துல நட. ஒருத்தன் தொட மாட்டான்" என்றார். கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று. ஆ செங் வந்தான். கத்தியை வைத்துவிட்டு வரவில்லை.

லாலாங் புல்லுக்குள் எல்லாரும் நடந்தோம். கந்தையா கோலை வால்வின் மேல் ஊன்றிப் பாக் சமாட்டைக் கேட்கச் சொன்னார். பிறகு ஆ செங்கை. அவன் தயங்கினான், பிறகு குனிந்து காதை வைத்தான். அப்படியே வெகுநேரம் இருந்தான். "ஆள் இல்ல" என்றான் கடைசியில், தனக்குத்தானே. "இரும்பு."

நான் சாவியைப் போட்டு வால்வைத் திருப்பினேன். துருப்பிடித்துக் கிடந்தது, என் கையோடு ஆ செங்கும் கை போட்டான். சுற்றுச் சுற்றாக இளகியது. முழுதும் திறந்ததும் முனகல் நின்றது. நான்கு மாதம் தினமும் கேட்ட சத்தம் இல்லாமல் போனபோது அந்த இடம் இன்னும் பயமாக இருந்தது. அப்புறம் தூரத்தில், சுராவ் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல்: "ஆயர்! ஆயர்!" தண்ணீர் வந்துவிட்டது.

பாக் சமாட் சந்தோஷப்படவில்லை. கந்தையாவிடம் வந்து நின்றார். "மேல உள்ளவனுக்கு ஊத்திட்டு எங்களக் கீழ அடிச்சிக்க விட்டீங்க. நான் இவன் வீட்டுத் தண்ணி குடிச்சு வளந்தவன். இவனைத் திருடன்னு நம்பிட்டேன்" என்றார். கந்தையா தலையைக் குனிந்துகொண்டார், வாதாடவில்லை. அன்று இரவு அந்தக் கம்பத்தில் ஒரு தீக்குச்சிகூட எரியவில்லை.

கந்தையா அறிக்கையில் தன் பெயரைத் தானே எழுதினார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இரண்டு வருஷத்தில் ஓய்வு வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். பின்னாளில் கம்பத்தைக் கலைத்து எல்லாருக்கும் வீவக அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். யார் எங்கே போனார்கள் என்று தெரியாது.

ஆனால் அன்று சாயங்காலம் இன்னொன்று நடந்தது. கந்தையா முன்னால் போய்விட்டார். ஆ செங் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதைவரை வந்தான். நின்று கேட்டான்: "தம்பி, அன்னிக்கு நீ கோல் வச்சப்ப, என் வேலியோரம்தான் ஜாஸ்தியாக் கேட்டுச்சா?"

"ஆமா" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினான். "அப்ப உன் மேல தப்பில்ல லா" என்று சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

நான் சுராவ் படியில் கோல் வைத்தேன், ஆ செங். தொழுகை நேரம் என்று கந்தையாவிடம் சொன்னது பொய். உன் வேலியோரம் எவ்வளவு கேட்டதோ அதே அளவு அங்கேயும் கேட்டது. குழாய் அங்கேயும் திரும்புகிறது. சத்தம் அங்கேயும் மேலே வந்தது. உன் வேலியோரம் நான்கு, சுராவ் படியிலும் நான்கு. தொழுகைக் கூடத்தின் படியை உடைக்க யாரிடமெல்லாம் அனுமதி கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கோப்பி கொடுத்தவர்கள் பின்னால் நின்றார்கள். நீ பன்றி வளர்ப்பவன், நீ தனியாக நின்றாய். அந்த எண்ணை நான் எழுதாமல் விட்டேன். இரண்டு இடத்திலும் கேட்டது. நான் உன் வேலியை எடுத்துக்கொண்டேன்.